‘டிரிப்’ ஆவது பிரேக்கரின் குற்றமல்ல

வீடு வாங்கிய குடும்பங்கள் புதுப்பிப்பு வேலையைத் தொடங்கும்போது எதைப் பற்றி அதிகம் பேசுகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? சமையலறை கேபினெட்டின் நிறம், கூடத்துத் தரைக்கு என்ன ஓடு, சாமி மேடை எந்தத் திசை பார்த்திருக்க வேண்டும், முன்வாசல் கிரில்லுக்கு என்ன டிசைன். இவற்றுக்குப் பல வாரங்கள் போகும். வயரிங் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடும்: “அதை வயர்மேன் பார்த்துக்கொள்வார்.”

ஓடு பிடிக்காமல் போனால் சில ஆண்டுகளில் பெயர்த்துவிட்டு வேறு ஒட்டலாம். கேபினெட்டையும் மாற்றலாம். ஆனால் சுவருக்குள் பதித்துப் பூசிய வயரை மாற்ற வேண்டுமென்றால் சுவரைத்தான் உடைக்க வேண்டும். அதனால் முதல் நாள் போட்ட வயரே இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஓடும் வீடுகள் நிறைய. இவ்வளவு நீண்ட ஆயுள் உள்ள ஒன்றை யோசிக்காமல் விடுவது சரியில்லை என்பது என் கருத்து. யோசிக்கத் தேவையான கணக்கும் ஒன்றும் பெரிதில்லை. பள்ளியில் குவாசா, வோல்தான், அருஸ் என்று மலாய்மொழியில் படிக்கிறீர்களே, அந்தச் சூத்திரம் போதும். மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். பல குடும்பங்களில் இந்தக் கணக்கைப் போடக்கூடிய ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

தீபாவளிக்கு முந்திய நாள் ஒரு தெரஸ் வீட்டின் சமையலறையை எடுத்துக்கொள்வோம். கெட்டில் 2,200 வாட். ஏர் ஃப்ரையர் 1,500. மைக்ரோவேவ் 1,200. ரைஸ் குக்கர் 700. எல்லாம் சேர்ந்து 5,600 வாட். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் 24.3 ஆம்பியர். சமையலறைப் பிளக்குகள் அனைத்தும் ஒரே சுற்றில், ஒரு 20 ஆம்பியர் பிரேக்கரின் கீழ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய தாமான் வீடுகளில் இது சாதாரணம். அவற்றைக் கட்டிய காலத்தில் சமையலறைக்கு இரண்டு பிளக் என்பதே தாராளம்.

24.3 ஆம்பியர் ஓடினால் 20 ஆம்பியர் பிரேக்கர் உடனே விழுந்துவிடுமா? விழாது. வீட்டு பிரேக்கர்களுக்கான அனைத்துலகத் தரநிலையான ஐ.இ.சி. 60898 இதைத் தெளிவாக வரையறுக்கிறது. பிரேக்கரில் எழுதியுள்ள எண்ணைப்போல் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு அது விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு இந்த இரண்டு எல்லைகளும் 22.6, 29 ஆம்பியர். நம் 24.3 இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. விழலாம், விழாமலும் இருக்கலாம்.

இது தயாரிப்பாளரின் அலட்சியம் இல்லை. கெட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 450 கிலோஜூல் வேண்டும். 2,200 வாட் கெட்டிலுக்கு அது மூன்றரை நிமிட வேலை. அதன் பிறகு கெட்டில் தானாக அணைந்துவிடும். மின்னோட்டம் 15 ஆம்பியருக்குக் கீழே இறங்கிவிடும். வயரும் மூன்றரை நிமிடத்தில் ஆபத்தான அளவுக்குச் சூடாகிவிடாது. ஆகவே சிறிது நேர மிகைச் சுமையைப் பொறுத்துக்கொள்ளும்படிதான் பிரேக்கரை வடிவமைத்திருக்கிறார்கள். அதன் உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை இருக்கிறது. இரண்டும் வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரிவதால் பட்டை மெல்ல வளைகிறது. போதுமான அளவு வளைந்ததும் கொக்கி விடுபட்டுச் சுற்று துண்டிக்கப்படுகிறது. சுவருக்குள் வயர் எப்படிச் சூடேறுகிறதோ ஏறக்குறைய அதைப்போலவே இந்தப் பட்டையும் சூடேறுகிறது. இதைவிட எளிமையான, நேர்த்தியான ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை நான் வீட்டில் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொரு பகுதி ஒரு மின்காந்தச் சுருள். உயிர்க்கம்பியும் நொதுமல்கம்பியும் நேராகத் தொட்டுக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; அப்போது பட்டை வளையும்வரை காத்திருக்க நேரமில்லை. சுருள் காந்தமாகி நொடியின் மிகச் சிறிய பகுதியில் கொக்கியை இழுத்துவிடும். பிரேக்கரின் முகப்பில் ஆம்பியர் எண்ணுக்கு முன்னால் ‘பி’ அல்லது ‘சி’ என்று இருக்கும் எழுத்து இந்தச் சுருளைப் பற்றியது. ‘பி’ வகை தன் எண்ணைப்போல் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில். ஏர்கோன் போன்ற மோட்டார் உள்ள கருவிகள் தொடங்கும் கணத்தில் சற்று அதிகமாக இழுக்கும் என்பதால் அவற்றுக்கு ‘சி’ பொருந்தும்.

சமையலறைக்குத் திரும்புவோம். கேக்குக்காக 2,000 வாட் ஓவனையும் அதே சுற்றில் போடுகிறார்கள். மொத்தம் 7,600 வாட், அதாவது 33 ஆம்பியர். இது 20இன் 1.65 மடங்கு. பிரேக்கர் இதை நெடுநேரம் தாங்காது. ‘டக்’ என்று விழும். குளிர்பெட்டியும் அதே சுற்றில்தான் இருக்கிறது என்றால் அதுவும் நின்றுவிடும்.

மறுபடி ஏற்றிவிட்டால் மீண்டும் விழுகிறது. இந்த நேரத்தில்தான் வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோ, அந்த யோசனையைச் சொல்வார்: “பிரேக்கர் சின்னது. 32 ஆம்பியர் வாங்கிப் போட்டால் விழவே விழாது.” கடையில் விலையும் அதிகமில்லை. மாற்றினால் உண்மையிலேயே விழுவது நின்றுவிடும். கேக்கும் வெந்துவிடும். எல்லோரும் அவரைப் பாராட்டுவார்கள். பிரச்சினை தீர்ந்ததுபோல் தோன்றுவதால்தான் இந்த யோசனை இவ்வளவு பரவலாக இருக்கிறது. நான் எதிர்ப்பது இதைத்தான்.

பிரேக்கர் காப்பது கெட்டிலையும் ஓவனையும் அல்ல. அது காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. பிளக் சுற்றுகளுக்கு இங்கு வழக்கமாகப் போடும் செம்பு வயரின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர். அதன் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0074 ஓம். மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து சமையலறை 20 மீட்டர் தூரம் என்றால், போக வர 40 மீட்டர். மொத்தத் தடை சுமார் 0.3 ஓம். வெப்பம் எவ்வளவு? மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குங்கள். 20 ஆம்பியரில் 120 வாட். இது 20 மீட்டர் நீளத்துக்கும் பரவுவதால் மீட்டருக்கு 6 வாட். சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டாகிவிட்டது. அது 1.13 மடங்கு, அதாவது 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு விழாது. விழக் கூடாது என்பதே விதி. 36ஐ வர்க்கப்படுத்தி 0.3ஆல் பெருக்கினால் 389 வாட். மின்னோட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை; வெப்பம் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. வர்க்கம் என்ற சொல்லின் பொருள் இதுதான். வயரைச் சுற்றியுள்ள சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை செல்சியஸ் வரைதான் தொடர்ந்து தாங்கும். வயரின் தாங்குதிறன் அட்டவணைகள் சுற்றுப்புறம் 30 பாகை என்ற கணக்கில் போடப்பட்டவை. நம் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அங்கே 30 பாகை இருக்குமா என்று தெரியும். உறை ஒரே நாளில் உருகிவிடாது. வறண்டு, கடினமாகி, வெடிப்பு விட்டு, சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் செம்பு வெளியே தெரியும். அன்றைக்கு 32 ஆம்பியர் யோசனை யாருக்கும் நினைவிருக்காது.

முறையான வரிசை இது: கருவிகள் இழுக்கும் மின்னோட்டம் பிரேக்கரின் எண்ணைத் தாண்டக் கூடாது, பிரேக்கரின் எண் வயரின் தாங்குதிறனைத் தாண்டக் கூடாது. 32 ஆம்பியர் வேண்டுமென்றால் கேளுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கேற்ற வயரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பதிக்கும் முறையைப் பொறுத்து அது 4 சதுர மில்லிமீட்டராகவோ அதற்கும் தடித்ததாகவோ இருக்கும். பிரேக்கரை மட்டும் மாற்றுவது, காய்ச்சல் காட்டும் வெப்பமானியைத் தூக்கி எறிந்துவிட்டு நோய் போய்விட்டது என்று சொல்வதைப் போன்றது.

இந்தப் பழக்கம் புதிதல்ல. பிரேக்கருக்கு முந்திய காலத்தில் பீங்கான் ஃபியூஸ் இருந்தது. மெல்லிய கம்பி எரிந்து அறுந்ததும் அதற்குப் பதிலாகப் பழைய வயரிலிருந்து உருவிய செம்பு இழையை இரண்டு, மூன்றாக முறுக்கிக் கட்டுவார்கள். தோட்டத்து லயங்களிலும் பழைய கடைவீடுகளிலும் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேளுங்கள். செய்தவரையோ பார்த்தவரையோ அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 32 ஆம்பியர் யோசனை அதன் புதிய பதிப்பு.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் உங்களில் யாராவது வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியைப் பார்த்து, 2.5 வயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதே என்று பதறுவீர்கள். ‘ரிங்’ எனப்படும் வளையச் சுற்றில் அது சரிதான். பெட்டியிலிருந்து புறப்படும் வயர் ஒவ்வொரு பிளக்காகச் சென்று மீண்டும் பெட்டிக்கே திரும்பிவிடும். எந்தப் பிளக்குக்கும் மின்னோட்டம் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதால் ஒரு வயரின் மீது முழுச் சுமையும் விழுவதில்லை. இது பிரிட்டனிலிருந்து நமக்கு வந்த முறை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்கு எப்படி மின்சாரம் அமைப்பது என்று அங்கே ஒரு பொறியாளர் குழு ஆராய்ந்தது. செம்பைச் சிக்கனப்படுத்த வேண்டிய காலம் அது. அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் பொறியாளர் கெரோலின் ஹாஸ்லெட். சிறு பிள்ளைகள் விரலையோ கம்பியையோ விட்டுவிடாதபடி பிளக் துளைகள் மூடியிருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1947இல் வெளியான பி.எஸ். 1363 தரநிலையின் மூன்றுமுனைப் பிளக்கைத்தான் இன்று நாம் இங்கே பயன்படுத்துகிறோம். மேலே உள்ள நீளமான முனை முதலில் நுழைந்து உள்ளிருக்கும் திரையைத் திறக்கிறது. பிறகுதான் மற்ற இரண்டு முனைகளும் உள்ளே போகும். எண்பது ஆண்டுகளாக எத்தனை குழந்தைகளின் கையை அந்தத் திரை காத்திருக்கும் என்று சில நேரம் யோசிப்பதுண்டு.

வளையச் சுற்றின் குறையும் அதன் நிறையிலேயே இருக்கிறது. எங்காவது ஓரிடத்தில் வளையம் அறுந்தாலும் எல்லாப் பிளக்குகளும் வழக்கம்போல் வேலை செய்யும். யாருக்கும் தெரியாமல் ஒற்றை 2.5 வயர் 32 ஆம்பியர் பிரேக்கரின் கீழ் சுமை தாங்கிக்கொண்டிருக்கும். அதனால் புதிய வேலைகளில் 20 ஆம்பியர் தனிச் சுற்றுகள் இரண்டாகப் போடுவதே நல்லது என்பது என் சார்பு. ஒன்று பழுதானால் உடனே தெரியும்.

இதுவரை பேசியதெல்லாம் வயரின் பாதுகாப்பு. மனிதனுக்கு யார் பாதுகாப்பு? ஈரக் கையோடு உயிர்க்கம்பியைத் தொடும் ஒருவரின் உடல்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று எடுத்துக்கொண்டால் 230 மில்லியாம்பியர் அவர் வழியாகத் தரைக்குப் பாயும். உயிரைப் பறிக்க அது தாராளம். ஆனால் 20 ஆம்பியர் பிரேக்கருக்கு 0.23 ஆம்பியர் என்பது ஒரு சில விளக்குகளின் சுமை, அது அசையாது. அதற்காகத்தான் மெயின் சுவிட்ச் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்ற அகலமான கருவி இருக்கிறது. உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டமும் நொதுமல்கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யில் 230 மில்லியாம்பியர் கசிந்தால் 0.04 விநாடிக்குள் துண்டித்துவிட வேண்டும். ஒருவர் இரண்டு கம்பிகளையும் இரு கைகளில் பிடித்துக்கொண்டால் மட்டும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இதில் வேறுபாடு காட்டுகின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் உள்ள இடத்துக்கு 30 மில்லியாம்பியர், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியர். குளியலறை வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போடுவது இதனால்தான். அதன் முகப்பில் ‘டி’ என்ற எழுத்தோடு ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் கருவி விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். வீட்டில் கடைசியாக அதை எப்போது அழுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிலுக்குப் பதில் ஒரு விழிப்புதான் கிடைக்கும்.

இடியும் மின்னலும் மிகுந்த நம் ஊரில், முழு வீட்டுக்கும் ஒரே ஒரு ஆர்.சி.சி.பி. வைப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. குடும்பமே ஊருக்குப் போயிருக்கும்போது மின்னல் வெட்டி அது விழுந்தால், திரும்பி வரும்போது குளிர்பெட்டியில் உள்ளவை கெட்டு நாறும். ஆகவே குளிர்பெட்டிக்குத் தனிச் சுற்றும், முடிந்தால் பிரேக்கரும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. கருவியும் கேட்க வேண்டும் என்பேன். இதைப் பாதுகாப்பில் கை வைக்காமலேயே செய்துவிடலாம்.

அப்படியானால் ஓர் இரண்டு மாடித் தெரஸ் வீட்டை எப்படிப் பிரிப்பது? விளக்குகளில் தொடங்குவது வழக்கம், ஆனால் விளக்குகள் இன்று ஒரு சுமையே இல்லை. 9 வாட் எல்.இ.டி. விளக்கு 20 போட்டாலும் 180 வாட். 70 வாட் மேல்விசிறி ஐந்து சேர்த்தாலும் 530 வாட், அதாவது 2.3 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 ஆம்பியர் பிரேக்கரும் போதும். கீழ்மாடிக்கும் மேல்மாடிக்கும் தனித்தனிச் சுற்றாக்குவது சுமைக்காக இல்லை. ஒன்று விழுந்தால் வீடு முழுக்க இருட்டாகிவிடக் கூடாது என்பதற்காக. படுக்கையறைப் பிளக்குகளும் அப்படித்தான். கைப்பேசி, மடிக்கணினி, மேசை விசிறி எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கெட்டிலுக்கு ஈடாகாது. அங்கே சுற்றுகளைக் கூட்ட வேண்டியதில்லை. பிளக்குகளைக் கூட்டுங்கள்.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பிளக் அதிகமானால் சுமை அதிகமாகும் என்று நினைக்கிறார்கள். சுமை என்பது கருவி. சுவரில் உள்ள துளை இல்லை. பிளக் குறைவாக இருந்தால்தான் நீட்டிப்புப் பலகைகள் தரையில் தவழத் தொடங்கும். ஒரு பலகையில் கெட்டிலையும் ஏர் ஃப்ரையரையும் செருகினால் 3,700 வாட், 16 ஆம்பியர், ஒரே ஒரு 13 ஆம்பியர் பிளக்கின் வழியே போகிறது. அதில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் 16இல் உடனே எரிந்துவிடாது. நெடுநேரம் சூடாகிக்கொண்டே இருக்கும். முனையைத் தொட்டால் சுடுகிற பிளக், பழுப்பேறிய பிளக் துளை, மீன் வாடை போன்ற ஒரு நெடி. இவற்றில் எது தெரிந்தாலும் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். தளர்ந்த இணைப்பில் உண்டாகும் இந்தச் சூட்டைப் பிரேக்கரால் உணர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

திட்டமிடலின் உண்மையான போர்க்களம் சமையலறையும் குளியலறையும்தான். உடனடி வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால் 15.7 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்றும் இரட்டைமுனைச் சுவிட்சும் வேண்டும். ஏர்கோன் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று. சமையலறை மேடைக்குக் குறைந்தது இரண்டு சுற்றுகள்; அடுத்தடுத்த பிளக்குகளை மாற்றி மாற்றி இரண்டிலும் இணைத்தால் இன்னும் நல்லது. நம் மக்கள் வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டும் ஈரச் சமையலறையை மறந்துவிடக் கூடாது. கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம், சில வீடுகளில் இரண்டாவது குளிர்பெட்டி, எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஆனால் அதற்கான மின்சாரமோ பழைய சமையலறையின் கடைசிப் பிளக்கிலிருந்து இழுக்கப்பட்டிருக்கும். கட்டடம் நீளும்போது மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து புதிய சுற்றும் நீள வேண்டும். குத்தகையாளரிடம் இதை வேலை தொடங்குமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

“எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லையே, இவ்வளவு சுற்று எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பகுதி நியாயம் உண்டு. பொறியாளர்களும் முழு வீட்டின் சுமையைக் கணக்கிடும்போது எல்லாவற்றையும் அப்படியே கூட்டுவதில்லை. சேர்ந்து ஓடும் வாய்ப்பைப் பார்த்துக் குறைத்தே எடுக்கிறார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் பண்டிகை நாள் அந்தக் கணக்கைத் தோற்கடித்துவிடும். விருந்தினர் பத்துப் பேர், அனைத்து அறைகளிலும் ஏர்கோன், இரண்டு குளியலறையிலும் ஹீட்டர், சமையலறையில் அடுப்பு ஓயாத வேலை. திறந்த இல்ல உபசரிப்பு வைக்கும் வீட்டின் கணக்கை அந்த வீட்டார்தான் சொல்ல முடியும். வயர்மேனுக்கு வயர் தெரியும். உங்கள் வீட்டுத் தீபாவளி அவருக்குத் தெரியாது.

மொத்த இணைப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு ஃபேஸ் இணைப்புக்குத் தெனாகா நேஷனல் 12 கிலோவோல்ட்-ஆம்பியர் வரைதான் தருகிறது. அது சுமார் 52 ஆம்பியர். இரண்டு வாட்டர் ஹீட்டர் ஒரே நேரத்தில் ஓடினால் 31 ஆம்பியர் போய்விடும். இப்போது மின்சாரக் கார் வருகிறது. வீட்டில் பொருத்தும் சாதாரண மின்னேற்றிக்கு 32 ஆம்பியர், அதுவும் இரவெல்லாம் தொடர்ந்து. அது கெட்டில்போல் மூன்றரை நிமிடத்தில் அணைவதில்லை. கார் வாங்கும் எண்ணமுள்ள குடும்பம் மூன்று ஃபேஸ் இணைப்பைப் பற்றி இப்போதே விசாரிக்க வேண்டும். வீட்டைப் புதுப்பித்த மறு ஆண்டு இதற்காகச் சுவரை உடைப்பது வீண்செலவு.

செலவு என்று வந்ததால் சொல்கிறேன். கூடுதலாக ஒரு சுற்று என்பது கொஞ்சம் வயர், ஒரு குழாய், ஒரு பிரேக்கர், வயர்மேனின் சில மணி நேரம். சுவர் திறந்திருக்கும்போது இது சிறு தொகை. பூசி, வண்ணமடித்து, கேபினெட் மாட்டிய பிறகு அதே வேலை பல மடங்காகும். பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத வயராக இருக்கிறது. கூடத்து உட்கூரையின் அலங்கார விளிம்பைக் குறைத்துக்கொண்டு சமையலறைக்கு ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள் என்பதே என் பரிந்துரை. அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அடிக்கடி பிரேக்கர் விழுந்து அவதிப்படுபவர் அவர்தான், உங்கள் பக்கம் சேர வாய்ப்பிருக்கிறது.

கணக்குப் போடுவது உங்கள் வேலை, கை வைப்பது உங்கள் வேலை இல்லை. வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரும் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனும்தான் செய்ய வேண்டும். ஒரு ஃபேஸுக்கும் மூன்று ஃபேஸுக்கும் தகுதிகூட வேறு. வேலை முடிந்ததும் வேலை நிறைவுக்கான ‘ஜி’ பாரமும் சோதனைக்கான ‘எச்’ பாரமும் உண்டு. அவற்றைக் கேட்டால் சில பேர் முகம் சுளிப்பார்கள். முகம் சுளிக்காதவரைத் தேர்ந்தெடுங்கள். மெயின் சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திருகாணி கழற்றித் திறக்கவே கூடாது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

பிரேக்கர் விழுந்தால் நீங்கள் செய்யக்கூடியது: அந்தச் சுற்றிலுள்ள கருவிகளை எல்லாம் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு ஒருமுறை மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஏறி நின்றால் மிகைச் சுமையாகவோ ஒரு கருவியின் பழுதாகவோ இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாம் எடுத்த பிறகும் உடனே விழுந்தால் வயரிலேயே கோளாறு. திரும்பத் திரும்ப ஏற்றாமல் வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

இந்த வாரக் கடைசியில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ள கருவிகளின் பின்புற லேபிளைப் பாருங்கள். வாட் எண்ணை எழுதி 230ஆல் வகுத்து, எது எந்தச் சுற்றில் இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்பது பெட்டியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது முன்பிருந்தவர்களின் கிறுக்கல் இருக்கும். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரேக்கராக அணைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பட்டியல் தயார். புதிய பெட்டி வாங்கும் நிலையில் இருப்பவர்கள், இன்றைய தேவைக்கு மேல் நான்கு இடமாவது காலியாக உள்ள பெட்டியாக வாங்கச் சொல்லுங்கள்.